குறோக் பார்க்கின் வாயில்: ஒரு விலக்கு விதியின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றினை அரசர் முடிபுனைந்தமையையும் படைகள் பொருதமையையும் மாத்திரம் கொண்டு எழுதிய காலம் கழிந்துவிட்டது. மக்கள் உண்டதும் உடுத்ததும், பாடியதும் ஆடியதும் வரலாற்றாசிரியனுக்கு உரிய சான்றுகளேயாம். ஒரு சமுதாயம் தன்னைப்பற்றி யாது எண்ணிற்று, அயலாரை எவ்வாறு நோக்கிற்று என்பவற்றை அறிவதற்குச் சட்டசபைப் பேச்சுக்களைக் காட்டிலும் அதன் விளையாட்டு மைதானம் சில வேளைகளில் தெளிவான சான்று தருவதுண்டு. அயர்லாந்து தேசத்துக் கேலிக் மெய்வல்லுநர் சங்கமும், அதற்குச் சொந்தமான குறோக் பார்க் என்னும் பெருமைதானமும் இவ்வுண்மைக்குத் தக்க உதாரணங்களாகும்.

டப்ளின் நகரின் வடபாகத்தே அமைந்த இம்மைதானத்தில் றக்பியும் உதைபந்தாட்டமும் ஆடப்படலாகா என்பது நெடுங்காலம் சங்கத்தின் விதியாக இருந்தது. 2005 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16 ஆம் தேதி சங்கத்தின் பேராளர் அம்மைதானத்திலேயே மாநாடு கூடி, அவ்விதியைத் தளர்த்துவதற்கு ஆதரவாக 227 வாக்குகளும் எதிராக 97 வாக்குகளும் அளித்தனர். ஒரு மைதானத்தை அயலார்க்கு வாடகைக்கு விடுவதா, விடாதிருப்பதா என்பது புறத்தே நின்று நோக்குவார்க்குச் சிறு விடயமாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாக்கெடுப்பை அயர்லாந்து மக்கள் ஒரு பொதுத் தேர்தலின் முடிவை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்தனர். அவ்விதி ஏன் எழுந்தது, யாரைக் காத்தது, எவ்வாறு தளர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கத்தின் தோற்றம்

அயர்லாந்தின் தொன்மையான ஆட்டங்களுள் தலையாயது ஹேளிங் எனப்படும். தட்டையான அகன்ற நுனியையுடைய மரக்கோலினாற் சிறு பந்தை நிலத்திலும் வானிலும் அடித்துச் செல்லும் விரைவான ஆட்டம் அது. 1366 ஆம் ஆண்டின் கில்கெனிச் சட்டங்கள், அயர்லாந்திற் குடியேறிய ஆங்கிலேயர் இவ்வாட்டத்தை ஆடலாகாது எனத் தடுத்தன. குடியேறியோர் நாட்டு மக்களோடு கலந்து தம் தனித்தன்மையை இழந்துவிடுவர் என்பதே ஆட்சியாளரின் அச்சம். விளையாட்டினைக் கொண்டு வேலியிடும் வழக்கத்தை அத்தீவில் முதலிற் கையாண்டவர் ஆண்டோரே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்காலத்தில் ஆளப்பட்டோர் அதே கருவியைத் தம் கையில் எடுத்தனர்.

1845 ஆம் ஆண்டிற் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கடல் கடந்து சென்றனர். அவர்களோடு கிராமங்களின் மொழியும் இசையும் ஆட்டங்களும் நலிந்தன. அப்பஞ்சத்தின் நடுவே, 1847 ஆம் ஆண்டில், கிளேயர் மாவட்டத்திற் பிறந்தவர் மைக்கேல் கியூசாக். இவர் ஆசிரியர், அரசாங்க சேவைப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் கல்விச்சாலை ஒன்றை டப்ளினில் நடத்தியவர். இளமையிற் றக்பியும் கிரிக்கெற்றும் ஆடியவர். ஆங்கில ஆட்டங்களை அறியாமையால் அன்றி, அவற்றை நன்கு அறிந்தே தம் நாட்டு ஆட்டங்களுக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1884 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் தேதி, ரிப்பரேரி மாவட்டத்துத் தேர்லஸ் நகரில், ஹேய்ஸ் விடுதியில் ஒரு சிறு கூட்டம் நடைபெற்றது. கேலிக் மெய்வல்லுநர் சங்கம் அன்று தோன்றிற்று. புகழ்பெற்ற மெய்வல்லுநரான மோறிஸ் டேவின் தலைவரானார். கஷெல் அதிமேற்றிராணியார் தோமஸ் குறோக், அரசியற்றலைவர் சாள்ஸ் ஸ்ருவேட் பார்ணல், நிலவுரிமைப் போராளி மைக்கேல் டேவிற் ஆகிய மூவரும் போஷகராக இருக்க இசைந்தனர். அதிமேற்றிராணியார் தம் இசைவுக் கடிதத்தில், ஆங்கில நாட்டு ஆட்டங்களும் நடையுடைகளும் அயர்லாந்து மக்களைத் தம்மையே இகழ்வோராக்கிவிட்டன என்று வருந்தி எழுதினார். அக்கடிதம் சங்கத்தின் கொள்கைச் சாசனம் போல மதிக்கப்பட்டு வந்தது.

அக்கூட்டத்துக்கு வந்த சிலருள் ஒருவரைப் பற்றி இங்குக் கூறுதல் வேண்டும். தோமஸ் செயின்ற் ஜோர்ஜ் மக்கார்த்தி என்பார் அரச பொலிஸ் படையின் அதிகாரி. அன்றியும் 1882 ஆம் ஆண்டில் அயர்லாந்துக்காக றக்பி ஆடியவர். பொலிசாரையும் றக்பி ஆடுவோரையும் பின்னாளில் விலக்கி வைத்த சங்கத்தின் பிறப்பிற் பொலிஸ் அதிகாரியும் றக்பி வீரருமான ஒருவர் பங்குகொண்டிருந்தார். விலக்கு என்பது சங்கத்தோடு உடன்பிறந்த இயல்பன்று, காலம் அதன்மேற் பூட்டிய கவசமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சங்கம் கத்தோலிக்கப் பங்குகளை அடிப்படையாகக் கொண்டு கழகங்களையும், மாவட்டங்களை அடிப்படையாகக் கொண்டு அணிகளையும் அமைத்தது. ஆடுவோர் ஊதியம் பெறுவதில்லை. உழவனும் கடைச்சிப்பந்தியும் ஆசிரியனும் தம் ஊருக்காக ஆடினர். நிலமற்றிருந்த மக்கள் சிறுசிறு தொகையாகப் பணஞ் சேர்த்து ஊர்தோறும் மைதானங்களை வாங்கினர். 1921 ஆம் ஆண்டிற் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் சங்கம் முப்பத்திரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாகவே நின்றது.

மூவகை விலக்குகள்

சங்கத்தின் விலக்குகளை ஒன்றாகக் கருதுவோர் பலர். அவற்றை மூன்றாகப் பகுத்து நோக்கினாலன்றி வரலாறு தெளிவுறாது.

முதலாவது, உறுப்பினரின் செயலைக் கட்டுப்படுத்திய விலக்கு. பின்னாளில் 27 ஆம் விதி என வழங்கிய இது, றக்பி, உதைபந்தாட்டம், ஹொக்கி, கிரிக்கெற் ஆகிய அந்நிய ஆட்டங்களை ஆடுவோரும், அவற்றைக் காணச் செல்வோருங்கூடச் சங்கத்தில் இருத்தலாகாது என்றது. தொடக்க காலத்திலே இயற்றப்பட்டு, 1890 களிலே தளர்த்தப்பட்டு, 1901 க்கும் 1905 க்கும் இடையில் மீண்டும் உறுதியாக்கப்பட்டது. இரண்டாவது, ஆட்களை விலக்கியது. 21 ஆம் விதி எனப்பட்ட இதன்படி பிரித்தானியப் படையினரும் பொலிசாரும் உறுப்பினராக இயலாது. மூன்றாவது, நிலத்தைக் காத்தது. 42 ஆம் விதி எனப்பட்ட இதன்படி, சங்கத்தின் சொத்துக்கள் சங்கத்தின் நோக்கங்களுக்கே உரியன. சங்கத்தின் நலனோடு முரண்படும் மைதான ஆட்டங்களுக்கு அவற்றை வழங்குதல் கூடாது.

முதல் விலக்கு எத்துணைக் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். அயர்லாந்தின் முதற் சனாதிபதியான டக்ளஸ் ஹைட், கேலிக் மொழியை மீட்பதற்குத் தம் வாழ்நாளை அர்ப்பணித்த அறிஞர், சங்கத்தின் போஷகருமாவார். 1938 ஆம் ஆண்டு நவம்பரில் அயர்லாந்துக்கும் போலந்துக்கும் நடைபெற்ற உதைபந்தாட்டப் போட்டியைத் தம் பதவியின் கடமையாக அவர் சென்று பார்த்தார். அக்காரணத்தால் அவரைப் போஷகர் நிலையினின்றும் சங்கம் நீக்கிற்று. 1963 ஆம் ஆண்டில், உதைபந்தாட்டக் கழகம் ஒன்று நடத்திய நடன நிகழ்ச்சிக்குச் சென்றமைக்காக வாட்டபோட் மாவட்டத்தின் சிறந்த ஹேளிங் வீரர் ரொம் சேஸ்ரி இடைநிறுத்தப்பட்டார். அந்நிய ஆட்டங்களுக்குச் செல்வோரைக் கண்டறியக் கண்காணிப்புக் குழுக்கள் இருந்தன. தற்காப்புக்காக எழுந்த ஒரு விதி, தன் மக்களையே வேவு பார்க்கும் விதியாக மாறிவிட்டது.

டப்ளின் நகரத்து ரொம் வூல்வ் போன்றோர் ஆண்டுதோறும் இதனை எதிர்த்து வாதாடினர். தொலைக்காட்சி பரவிய பின்னர், ஒருவன் தன் வீட்டினுள் அமர்ந்து உதைபந்தாட்டம் காண்பதை எக்குழுவாலும் தடுக்க இயலவில்லை. 1971 ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரிற் கூடிய மாநாட்டில் 27 ஆம் விதி நீக்கப்பட்டது. அதன்பின் கேலிக் வீரர் பிற ஆட்டங்களையும் தடையின்றி ஆடினர்; எனினும் சங்கம் அழியவில்லை. ஆயின் அவர்கள் ஆடிய பிற ஆட்டங்களுக்குச் சங்கத்தின் நிலத்தில் இடமில்லை. அவ்வகையில் முதல் வேலி வீழ்ந்தும் மூன்றாவது வேலி நின்றது.

மைதானமும் நினைவும்

மூன்றாவது வேலி நிலைத்து நின்றமைக்குக் காரணம் அம்மைதானத்தின் வரலாற்றிலேயே உள்ளது. ஜோன்ஸ் வீதியில் இருந்த அந்நிலத்தை 1908 ஆம் ஆண்டிற் சங்கத்தின் முன்னாட் தலைவரான பிறாங்க் டினீன் தம் பொறுப்பில் வாங்கி வைத்திருந்தார். 1913 ஆம் ஆண்டிற் சங்கம் அதனை அவரிடமிருந்து 3,500 பவுணுக்குப் பெற்று, 1902 ஆம் ஆண்டில் மறைந்த அதிமேற்றிராணியாரின் பெயரைச் சூட்டிற்று. அப்பணத்தின் பெரும்பகுதி அவர் நினைவாக நடத்திய போட்டிகளைக் காண வந்த மக்கள் கொடுத்த நுழைவுக் கட்டணமே.

1920 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுதந்திரப் போர் நடைபெற்ற காலம். அன்று காலையில் மைக்கேல் கொலின்சின் ஆட்கள் டப்ளின் நகரிற் பிரித்தானிய உளவு அதிகாரிகள் பலரைச் சுட்டுக் கொன்றனர். பிற்பகலில் டப்ளின், ரிப்பரேரி அணிகள் கேலிக் உதைபந்தாட்டத்தில் எதிர்கொண்டவேளை, அரசபடைகள் மைதானத்தினுட் புகுந்து கூட்டத்தினரை நோக்கிச் சுட்டன. பதினான்கு பேர் மாண்டனர். அவருள் மூவர் சிறுவர். ஒருவர் ரிப்பரேரி அணியின் வீரர் மைக்கேல் ஹோகன். பின்னர் எழுந்த பார்வையாளர் கூடம் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. ஒரு விளையாட்டு மைதானம் அன்றுதொட்டு நினைவாலயம் ஆயிற்று.

நினைவு சில வேளைகளில் வரலாற்றினும் முந்திச் செல்வதுண்டு. மைதானத்தின் வடகோடியிலுள்ள மேடு 'ஹில் 16' எனப்படும். 1916 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் இடிந்த கட்டடங்களின் கற்குவையால் அம்மேடு எழுப்பப்பட்டது எனத் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தனர். உண்மை அதுவன்று. கிளர்ச்சிக்கு முந்திய 1915 ஆம் ஆண்டிலேயே அம்மேடு அமைந்துவிட்டது. பிரித்தானியப் படையிற் சேர்ந்து ஐரிஷ் வீரர் போரிட்ட கலிப்பொலிக் குன்று ஒன்றின் பெயரால் 'ஹில் 60' என்றே முதலில் வழங்கிற்று. பிரித்தானியப் போர்க்களத்தின் பெயர் அங்கு நிலைத்தல் தகாது எனக் கருதியோர் பின்னாளில் எண்ணை மாற்றினர்; எண்ணுக்கேற்ற கதையும் பிறந்தது. இக்கதை பொய்யாயினும், அம்மண்ணை மக்கள் எவ்வாறு போற்றினர் என்பதற்கு அது மெய்ச்சான்று.

அதே வேளையில் 42 ஆம் விதி எல்லா அந்நியக் காட்சிகளையும் தடுத்துவிடவில்லை என்பதும் கவனிக்கற்பாலது. 1972 ஆம் ஆண்டு யூலையில் முகம்மது அலி அங்குக் குத்துச்சண்டையிட்டார். 1990 களில் அமெரிக்க உதைபந்தாட்டமும் அங்கு ஆடப்பட்டது. இவை ஐரிஷ் இளைஞரைக் கேலிக் ஆட்டங்களினின்றும் ஈர்த்துச் செல்லும் போட்டியாளர் அல்ல. விலக்கப்பட்டவை, அயர்லாந்தின் ஊர்களிலேயே வேரூன்றி, அதே சிறுவர்களுக்காகப் போட்டியிட்ட றக்பியும் உதைபந்தாட்டமுமே. ஆகவே அவ்விதியில் நாட்டுப்பற்றும் இருந்தது. தன் தொழிலைக் காக்கும் வணிகனின் எச்சரிக்கையும் இருந்தது. இரண்டையும் பிரித்தறியாது பேசியமையே பிற்கால வாதங்களிற் குழப்பத்தை விளைத்தது.

வாதமும் எதிர்வாதமும்

1993 ஆம் ஆண்டிற் சங்கம் குறோக் பார்க்கினைப் புதுக்கிக் கட்டத் தொடங்கிற்று. 2005 ஆம் ஆண்டளவில் 82,300 பேர் இருக்கத்தக்க, ஐரோப்பாவின் பெரிய அரங்குகளுள் ஒன்றாக அது உயர்ந்தது. இத்துணைப் பெரிய அரங்கு ஆண்டிற் சில நாட்களே நிரம்பியது. மறுபுறத்தில், றக்பியும் உதைபந்தாட்டமும் ஆடப்பட்ட லான்ஸ்டவுன் றோட் அரங்கு பழுதுற்றுப் பாழாகிக் கொண்டிருந்தது. அதனை இடித்துக் கட்டும் காலத்தில் அயர்லாந்தின் தேசிய அணிகள் எங்கு ஆடுவது? குறோக் பார்க் திறக்கப்படாவிடின், தம் தாயகப் போட்டிகளை இங்கிலாந்திலோ வேல்சிலோ ஆட நேரிடும். ஆங்கில ஆட்டங்களுக்கு எதிராகக் கட்டப்பட்ட வேலி, ஐரிஷ் அணியை இங்கிலாந்துக்கே அனுப்பிவைக்கும் நிலையை நகைப்புக்குரியதாகப் பலர் கண்டனர்.

திறப்பதற்கு எதிராக நின்றோரின் வாதங்களைப் பழமைவாதம் என ஒதுக்குதல் நேர்மையாகாது. அவற்றுள் மூன்று வலிமையுடையன.

ஒன்று, உழைப்பு பற்றியது. ஊதியம் பெறாத உறுப்பினர் நூறாண்டுக்கு மேலாக உழைத்து ஈட்டிய சொத்து அது. 1995 ஆம் ஆண்டு முதல் றக்பி ஊதியத்திற்கு ஆடப்படும் ஆட்டமாயிற்று. வறியவன் கட்டிய வீட்டிற் செல்வர் வந்து தங்கி, அவ்வீட்டுப் பிள்ளைகளையே தம்மோடு அழைத்துச் செல்வர் எனின், வாடகை அதற்கு ஈடாகுமா என அவர் வினாவினர்.

இரண்டு, பணம் பற்றியது. 2001 ஆம் ஆண்டு மாநாட்டிற்கு முதல்நாள், அரசாங்கம் மைதானத் திருப்பணிக்கென ஆறு கோடி ஐரிஷ் பவுண் வழங்குவதாக அறிவித்தது. அரசாங்கம் அந்நாளிற் தேசிய அரங்கு ஒன்றைத் தனியே அமைக்கவும் எண்ணியிருந்தது. மறுநாள் 42 ஆம் விதியைத் தளர்த்தும் தீர்மானத்துக்கு 176 பேர் ஆதரவாகவும் 89 பேர் எதிராகவும் வாக்களித்தனர். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டமையால், ஒரேயொரு வாக்கினால் அது தோற்றது. பணம் கிடைத்துவிட்டமையால் வாடகை வேண்டுவதில்லை எனச் சிலர் கருதினர் என்றும், அப்பணம் அறிவிக்கப்பட்ட வேளையே சந்தேகத்துக்குரியது என்றும் இரு திறத்தாரும் பேசிக்கொண்டனர்.

மூன்று, வடக்கைப் பற்றியது, இதுவே ஆழமானது. தெற்கில் வாழ்ந்தோர்க்கு 1920 ஆம் ஆண்டு வரலாறாகிவிட்டது. வடக்கின் ஆறு மாவட்டங்களில் வாழ்ந்தோர்க்கு அஃது அன்றாட வாழ்வாயிருந்தது. ஆர்மா மாவட்டத்துக் கிறொஸ்மக்ளென் கழகத்தின் மைதானத்தில் ஒரு பகுதியைப் பிரித்தானியப் படையினர் 1970 களிற் கைக்கொண்டு நெடுங்காலம் வைத்திருந்தனர். 1988 ஆம் ஆண்டு பெப்புருவரியில், ஓக்னக்ளோய்ச் சோதனைச் சாவடியைக் கடந்து கேலிக் மைதானத்துக்கு நடந்து சென்ற இளைஞர் ஒருவர் படைவீரன் சுட்ட குண்டினால் மாண்டார். இத்தகைய அனுபவம் உடையோரிடம், வேலியை நீக்குக என்பது எளிதன்று. 1998 ஆம் ஆண்டுப் பெல்பாஸ்ற் உடன்படிக்கைக்குப் பின்னரும், 2001 நவம்பரில் 21 ஆம் விதி நீக்கப்பட்டவேளை, வடக்கின் ஆறு மாவட்டங்களுள் டவுண் ஒன்றே நீக்கத்தை ஆதரித்தது. 2005 ஆம் ஆண்டிலும் எதிர்ப்பின் வலிமை பெரும்பாலும் வடக்கிலேயே இருந்தது. தெற்கிற் கோர்க் மாவட்டமும் எதிர்த்து நின்றது.

ஆதரித்தோர் கூறியவை யாவை? வேலியிட்ட காலத்திற் கேலிக் ஆட்டங்கள் நலிந்து கிடந்தன. இன்று அவை நாட்டின் பெரும் ஆட்டங்கள். நாட்டிளஞ் செடிக்கு இட்ட வேலியை மரம் ஓங்கிய பின்னும் பேணுவதாற் பயன் யாது என அவர் வினாவினர். றக்பி அணி அத்தீவின் முப்பத்திரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவானது. வடக்கின் புரட்டஸ்தாந்தரும் தெற்கின் கத்தோலிக்கரும் ஒரே சட்டை அணிந்து ஆடுவது. பிரிவினையை ஏற்காத சங்கம், பிரிவினையைக் கடந்து நிற்கும் அணியைத் தன் வாயிலில் நிறுத்தி வைப்பது தன் கொள்கைக்கே முரண் என்பது அவருடைய வலிய வாதம்.

2003 முதல் 2006 வரை சங்கத்தின் தலைவராயிருந்த ஷோன் கெலி கெறி மாவட்டத்தவர். ஆசிரியத் தொழில் புரிந்தவர். அவர் மாற்றத்தை விரும்பினார். ஆயினும் தலைமையின் ஆணையால் அதனைச் செய்ய முயலவில்லை. கழகங்களிலும் மாவட்ட மாநாடுகளிலும் விவாதம் நடைபெற்று, பேராளர் இரகசிய வாக்களித்தே முடிவு செய்தனர். 324 வாக்குகளுக்கு 216 தேவைப்பட்டன, 227 கிடைத்தன. நான்காண்டுக்கு முன் ஒரு வாக்கினாற் தோற்ற தீர்மானம் பதினொரு வாக்கு மிகையாக வென்றது. தீர்மானத்தின் எல்லையும் குறுகியதே. குறோக் பார்க் ஒன்றே, லான்ஸ்டவுன் றோட் மூடப்பட்டிருக்கும் காலத்துக்கே, மத்திய சபையின் அனுமதியுடனேயே பிற ஆட்டங்களுக்கு வழங்கப்படலாம். பிற மைதானங்களுக்கு விதி முன்போலவே நின்றது.

வாயில் திறந்தபின்

2007 ஆம் ஆண்டு பெப்புருவரி 11 ஆம் தேதி அயர்லாந்தும் பிரான்சும் அங்கு முதன்முறையாக றக்பி ஆடின. பிரான்சு 20 க்கு 17 என வென்றது. ஆயினும் நாட்டின் நோக்கு பதின்மூன்று நாளின் பின் வரவிருந்த இங்கிலாந்துடனான ஆட்டத்தின் மீதே இருந்தது. அரசபடை மக்களைச் சுட்ட அதே நிலத்தில் இங்கிலாந்தின் அரச கீதம் இசைக்கப்படும். கூட்டத்தினர் கூச்சலிடுவரோ, மைதானத்தின் வெளியே கலகம் விளையுமோ எனப் பலர் அஞ்சினர்.

பெப்புருவரி 24 ஆம் தேதி அக்கீதம் இசைக்கப்பட்டது. எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அமைதியாக நின்று கேட்டு, முடிவிற் கைதட்டினர். பின்னர் நடைபெற்ற ஆட்டத்தில் அயர்லாந்து 43 க்கு 13 என வென்றது. ஆட்டத்தின் வெற்றியினும் அவ்வமைதியே வரலாற்றிற் பெரிதாகப் பேசப்படுகின்றது. அவ்வமைதி மறதியினால் விளைந்ததன்று. 1920 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது யாது என்பதை அங்கு நின்றோர் நன்கு அறிந்திருந்தனர்; நாட்டின் பத்திரிகைகள் அவ்வாரம் முழுவதும் அதனையே எழுதியிருந்தன. அறிந்தும் அமைதி காத்தமையே அதன் சிறப்பு.

அதே ஆண்டு மார்ச்சு 24 ஆம் தேதி உதைபந்தாட்டத்தில் அயர்லாந்து வேல்சை ஒரு கோலினால் வென்றது. 2009 ஆம் ஆண்டு மே 2 ஆம் தேதி லென்ஸ்ரர், மன்ஸ்ரர் அணிகளின் றக்பிப் போட்டியை 82,208 பேர் கண்டனர். கழக றக்பியில் அந்நாள்வரை உலகம் கண்ட பெருங்கூட்டம் அதுவே. 2010 ஆம் ஆண்டிற் லான்ஸ்டவுன் றோட் புதிய அரங்காகத் திறக்கப்பட்டபோது, றக்பியும் உதைபந்தாட்டமும் தம்மிடம் மீண்டன. குறோக் பார்க்கினை வேண்டும்போது வழங்கும் அதிகாரத்தைச் சங்கம் மத்திய சபையிடமே தொடர்ந்து வைத்துக்கொண்டது. 2011 ஆம் ஆண்டு மே 18 ஆம் தேதி பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் அம்மைதானத்துக்கு வருகை தந்தபோது சங்கத்தின் தலைவர் கிறிஸ்ரி கூனி வரவேற்றார்.

எஞ்சிய விதி பின்னரும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. கோர்க் நகரத்து உதைபந்தாட்ட வீரர் லியாம் மில்லர் 2018 பெப்புருவரியில், 36 ஆவது வயதிற் புற்றுநோயால் மறைந்தார். அவர் குடும்பத்துக்கும் அறப்பணிகளுக்கும் உதவும் நினைவுப் போட்டியைக் கோர்க்கிலுள்ள சங்கத்தின் பெருமைதானமான பார்க் ஈ கீவில் நடத்த விழைந்தனர். விதி இடந்தராது என முதலிற் கூறப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அம்மைதானத்தைக் கட்டப் பொதுப்பணமும் செலவாகியிருந்தமையை மக்கள் நினைவூட்டினர். மத்திய சபை இறுதியில் இசைந்தது. அவ்வாண்டு செத்தெம்பர் 25 ஆம் தேதி, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையிற் போட்டி நடைபெற்றது. 2022 நவம்பரில் அதே மைதானத்தில் மன்ஸ்ரர் றக்பி அணி தென்னாபிரிக்க அணியொன்றுடன் ஆடியது.

முடிவுரை

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவன யாவை? மூன்று விலக்குகளும் வீழ்ந்த முறை நோக்கத்தக்கது. உறுப்பினரின் செயலைக் கட்டுப்படுத்திய விதி 1971 ஆம் ஆண்டிலும், ஆட்களை விலக்கிய விதி 2001 ஆம் ஆண்டிலும், நிலத்தைக் காத்த விதி 2005 ஆம் ஆண்டிலும் தளர்ந்தன. மனிதனின் ஓய்வுநேரத்தை அடக்குவது முதலில் இயலாமற் போயிற்று; பகைவரோடு உறவாடுவது சமாதானம் வரும்வரை இயலவில்லை; குருதி தோய்ந்த நிலத்தைத் திறப்பதே யாவற்றினும் இறுதியில் நிகழ்ந்தது. மண்ணின்மீதுள்ள நினைவு மனத்தின்மீதுள்ள கட்டளையினும் நீண்ட ஆயுளுடையது.

இரண்டாவதாக, வாயிலைத் திறந்தவர் அதன் உரிமையாளரே. அரசாங்கம் சட்டமியற்றித் திறந்திருக்குமாயின், அல்லது பணம் கொடுத்து வாங்கியிருக்குமாயின், வடக்கின் உறுப்பினர் அதனைத் தோல்வியாகவே கருதியிருப்பர். தோற்ற 97 பேரும் தம் வாதத்தை எடுத்துரைத்து, எண்ணப்பட்டு, பின்னரும் சங்கத்திலேயே நிலைத்தனர். 2001 ஆம் ஆண்டில் ஒரு வாக்கினாற் தோற்றவர்களும் அவ்வாறே நான்காண்டு காத்திருந்தனர். மூன்றில் இரண்டு பங்கு என்னும் கடினமான நிபந்தனை மாற்றத்தைத் தாமதப்படுத்தியது உண்மை. அம்மாற்றம் பிளவின்றி நிலைத்தமைக்கும் அதுவே காரணமாயிற்று.

மூன்றாவதாக, அஞ்சியவை நிகழவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும். கேலிக் ஆட்டங்களின் இறுதிப் போட்டிகள் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களால் இன்றும் நிரம்புகின்றன. எனினும் அஞ்சியோர் மூடர் எனக் கொள்ளல் தவறு. நலிந்த பண்பாடொன்று தன்னைக் காத்துக்கொள்ள வேலியிட்டிராவிடின், பின்னாளிற் திறப்பதற்கு வாயிலோ, அயலாரை வரவேற்க அரங்கோ அவர்களிடம் இருந்திராது. கியூசாக்கின் தலைமுறை வேலியிட்டது. கெலியின் தலைமுறை வாயிலைத் திறந்தது. இரண்டும் அவ்வக் காலத்துக்கு ஏற்ற செயல்கள். விதியொன்றை மதிப்பிடுமுன், அஃது எந்நிலையில் யாரால் யாது கருதி இயற்றப்பட்டது என்றும், அந்நிலை இன்னும் நிலவுகின்றதா என்றும் வினாவுதல் வேண்டும். முதல் வினாவை மறப்போர் முன்னோரை இகழ்வர்; இரண்டாவதை மறப்போர் முன்னோரின் அச்சத்தை மட்டும் காத்து, அவர் காக்க விரும்பிய பொருளைக் கைவிடுவர்.